வெற்றி நிற்கும், ஜாக்கிக்குத் தடை: குதிரைப் பந்தயத்தில் தண்டனை எப்படி முடிவாகிறது?

தேவகோட்டை, கல்லல், சிங்கம்புணரிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயமோ குதிரைவண்டிப் பந்தயமோ வைத்தால், நோட்டீஸின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: விழாக் கமிட்டியாரின் முடிவே இறுதியானது. குறுக்கே ஓட்டிப் பின்னால் வந்த வண்டியை மறித்த சாரதிக்குப் பரிசு இல்லை என்று மைக்கில் சொல்லிவிட்டால் அதோடு சரி. வண்டி எத்தனையாவது, சாரதிக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் ஒரே அறிவிப்பில் முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தில் ஊறிய கண்ணுக்குக் கிண்டி, பெங்களூரு ரேஸ்களில் நடப்பது விநோதமாகத்தான் படும். ஜெயித்த குதிரைக்குக் கோப்பை கொடுத்தாயிற்று, அதன்மேல் பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணமும் பட்டுவாடா ஆகிவிட்டது. அதே குதிரையை ஓட்டிய ஜாக்கிக்கு இத்தனை நாள் தடை என்று அடுத்து ஓர் அறிவிப்பு வருகிறது. தப்பாக ஓட்டித்தானே ஜெயித்தார், பிறகு கோப்பை எதற்கு?

அங்கே நடப்பது இரண்டு தனித்தனி விசாரணைகள். குதிரைகள் வந்த வரிசை சரியா என்பது ஒன்று. ஓட்டியவர் விதியை மீறினாரா என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சில நிமிடங்களில் பதில் சொல்லியாக வேண்டும், கவுண்டரில் கூட்டம் நிற்கிறது. இரண்டாவது அன்று மாலையும் நடக்கலாம், பத்து நாள் கழித்தும் நடக்கலாம். ஒன்றில் வரும் பதில் பொதுவாக மற்றதைக் கட்டுப்படுத்தாது. ஜாக்கி தண்டனை பற்றி எழும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவதே.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015) கிளாசிக் எனப்படும் பெரிய பந்தயங்களை நூற்றுக்கணக்கில் ஜெயித்த உரிமையாளர். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974இல் சட்டம் வந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரி 12இல் தீர்ப்பானது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. குதிரையின் வேகமும் பயிற்சியும் ஜாக்கியின் சவாரித் திறனும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதுதான் அதன் அடிப்படை. (2024இல் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்த விவகாரம் வேறு கதை.) இந்தத் தீர்ப்பை ஜாக்கிகளின் பக்கமிருந்து படித்தால் ஒன்று விளங்கும். ஓட்டுபவர் முழு மனதோடு ஓட்டுகிறார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ‘திறமை’ என்ற வாதமே நிற்காது. ஜாக்கியைத் தண்டிக்கும் அதிகாரம் கிளப்பின் கௌரவத்துக்காக வைத்துக்கொண்ட அலங்காரம் இல்லை. பந்தயத்தின் சட்டப் பாதுகாப்பே அதில்தான் தொங்குகிறது.

விசாரிப்பவர்கள்

விசாரணை நடத்துபவர்கள் ஸ்டூவர்டுகள். இங்கிலாந்தில் 1750 வாக்கில் தொடங்கிய ஜாக்கி கிளப் காலத்திலிருந்து இது கிளப் உறுப்பினர்கள் கையில் இருந்த வேலை. அந்த உறுப்பினர்களில் பலர் குதிரை வைத்திருப்பவர்கள். போட்டியாளரே நீதிபதியாக உட்காரும் இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஸ்டைப்பெண்டரி ஸ்டூவர்டுகள் வந்தார்கள். பந்தயத்தின் வீடியோ படம் பார்ப்பது, ஜாக்கியைக் கூப்பிட்டுக் கேட்பது, அறிக்கை எழுதுவது பெரும்பாலும் இவர்கள் பொறுப்பு. தன் குதிரை ஓடிய பந்தயத்தின் விசாரணையில் ஒரு ஸ்டூவர்டு உட்காரக்கூடாது என்பது எங்கும் உள்ள விதி. பிரிட்டனில் இப்போது ஒழுங்குமுறை முழுக்க கிளப்பிடமிருந்து பிரிந்து தனி அமைப்பிடம் இருக்கிறது. இந்தியாவில் கிளப்புகளே விதிகளை நடத்துகின்றன. இது நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியவில்லை. தண்டனை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், கொடுப்பவர் யார் என்ற கேள்வி அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும்.

அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் லைசென்ஸ். ஜாக்கியாக ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அதை வாங்கும்போதே விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்து போடுகிறார்கள். எனவே தண்டனைகளும் அந்த வட்டத்துக்குள்தான்: எச்சரிக்கை, அபராதம், இத்தனை பந்தய நாள் தடை, லைசென்ஸ் ரத்து, கடைசியாக ரேஸ்கோர்ஸ் பக்கமே வரக்கூடாது என்ற வெளியேற்றம். ஒரு கிளப் போட்ட தடையை மற்ற கிளப்புகளும் மதிக்கின்றன. கொல்கத்தாவில் தடை வாங்கிக்கொண்டு ஐதராபாத்தில் ஏறி ஓட்ட முடியாது.

மறிப்பது, முட்டுவது

அதிகம் வரும் வழக்கு மறிப்பு. முழு வேகத்தில் ஓடும் குதிரை ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. முன்னால் போகிறவர் உள்கம்பி ஓரத்துக்கு நகர வேண்டுமானால், பின்னால் வரும் குதிரைக்கு இடம் விட்டுத்தான் நகரலாம். தன் குதிரையின் நீளமும் அதற்கு மேல் இன்னொரு நீளமும் இடைவெளி வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் கடைப்பிடிக்கும் அளவு. அது இல்லாமல் நகர்ந்தால் பின்னால் வரும் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துத்தான் தப்பிக்க முடியும். இழுத்தும் முன்னங்கால் முன்குதிரையின் பின்னங்காலில் தட்டினால் விழ வாய்ப்பு அதிகம், பின்னால் வரும் ஆறேழு குதிரைகள் அவர்மேல்தான் வரும்.

இதில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. கடைசி 300 மீட்டரில் குதிரை களைத்திருக்கும். ஜாக்கி வலக்கையால் சாட்டை போட்டால் குதிரை சாட்டைக்கு எதிர்ப்பக்கமாக, இடப்பக்கம் சாயும். அப்போது செய்ய வேண்டியது அடிப்பதை நிறுத்தி, இரண்டு கையாலும் கடிவாளம் பிடித்து நேராக்குவது, அல்லது சாட்டையை அடுத்த கைக்கு மாற்றுவது. அதைச் செய்தால் நாலைந்து அடி தூரம் போய்விடும், சில சமயம் பந்தயமே போய்விடும். அதனால் சாய்வது தெரிந்தும் தொடர்ந்து அடிக்கிறார்கள். ஸ்டூவர்டுகள் படத்தில் முதலில் தேடுவதும் அதைத்தான். குதிரை சாய்ந்தது குற்றமில்லை. சாய்ந்த பிறகு எத்தனை தாவல் வரை ஜாக்கி எதுவும் செய்யவில்லை என்பதுதான் கணக்கு. பக்கவாட்டுப் படத்தில் இது தெரியாது. நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் எந்தக் குதிரை எந்தத் தடத்திலிருந்து எதற்கு மாறியது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

குற்றத்தைப் பொதுவாக மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். கவனக்குறைவு, முறைகேடு, ஆபத்தான சவாரி. முதலாவதற்குச் சில நாள் தடை, மூன்றாவதற்கு அதைவிட மிக நீண்ட தடை. நடந்த விளைவை மட்டும் வைத்து இந்தப் படியைத் தீர்மானிப்பதில்லை. யாரும் விழாவிட்டாலும் ஆபத்தான சவாரியாக இருக்கலாம், ஒருவர் விழுந்திருந்தும் கவனக்குறைவோடு முடியலாம்.

ரிசல்ட் மாறுமா என்பது இதிலிருந்து விலகிய கணக்கு. பிரிட்டனிலும் இன்னும் பல நாடுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மறிக்கப்பட்ட குதிரை, மறிக்கப்படாமல் இருந்தால், மறித்த குதிரைக்கு முன்னால் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் இரண்டையும் இடம் மாற்றுவார்கள். வந்திருக்காது என்றால் ரிசல்ட் நிற்கும், ஜாக்கிக்குத் தனியாகத் தடை விழும். தொடக்கத்தில் கேட்ட கோப்பைப் புதிருக்கு விடை இதுதான். ஆபத்தான சவாரி என்று தீர்ப்பானால் மட்டும் குதிரையும் சேர்ந்து போகும்.

அமெரிக்காவில் கணக்கு வேறு. 2019 கென்டக்கி டெர்பியில் மேக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை ஒன்றே முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கம் நகர்ந்து மற்றக் குதிரைகளை இடித்தது என்று புகார். 22 நிமிடம் படம் பார்த்த பிறகு, மறிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னால் தள்ளி அதை 17ஆம் இடத்தில் வைத்தார்கள். 65க்கு 1 விலையில் (ஒரு ரூபாய் கட்டினால் 65 ரூபாய் லாபம்) இருந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றதாக அறிவிப்பு. ஜாக்கி லூயிஸ் சயஸுக்கு 15 நாள் தடை. பிரிட்டன் முறைப்படி பார்த்திருந்தால் குதிரையின் இடம் மாறாமலே போயிருக்கும் என்ற வாதம் அன்றே எழுந்தது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

நாள் கணக்கு

தடை என்பது காலண்டர் நாள் அல்ல, பெரும்பாலும் பந்தய நாள். வாரம் இரண்டு நாள் ரேஸ் நடக்கும் இடத்தில் 8 பந்தய நாள் தடை என்றால் ஒரு மாதம் சம்பாத்தியம் இல்லை. நாள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்கு ஓர் அடிப்படை அளவு வைத்துக்கொண்டு ஏற்றி இறக்குகிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் இதற்கு எழுதிவைத்த பட்டியலே உண்டு: கவனக்குறைவின் தரம், மறிக்கப்பட்ட குதிரைக்கு என்ன ஆனது, ஜாக்கியின் முந்தைய பதிவு, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, பெரிய பந்தயமா. மாதம் 60 சவாரி செய்பவருக்கு ஒரு தடை விழுவதும் 6 சவாரி செய்பவருக்கு ஒன்று விழுவதும் ஒன்றல்ல என்பதையும் பார்க்கிறார்கள்.

தடை எப்போது தொடங்குகிறது என்பதில்தான் வெளியாட்கள் அதிகம் கொதிப்பார்கள். 2022 செப்டம்பர் 30இல் பாரிஸ் அருகே சான் குளூவில் ஜாக்கி கிறிஸ்டோஃப் சுமியோன் ஓடும்போதே பக்கத்து ஜாக்கி ரோசா ரையனை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளினார். ரையன் பெரிய காயமில்லாமல் எழுந்தது அதிர்ஷ்டம். சுமியோனுக்கு 60 நாள் தடை. ஆனால் அது அக்டோபர் 14இல்தான் தொடங்கியது. இடையில், இரண்டே நாள் கழித்து, ஐரோப்பாவின் மிகப்பெரிய பந்தயமான ஆர்க்கில் அவர் ஓட்டி இரண்டாம் இடம் வந்தார். பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்த இடைவெளி அவருக்குக் காட்டிய சலுகை அல்ல, எல்லாருக்கும் பொதுவானது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சவாரிகளுக்கு உரிமையாளர்கள் மாற்று ஜாக்கி தேடவும் மேல்முறையீட்டுக்கும் அவகாசம் வேண்டும். உடனே நிறுத்தும் அதிகாரம் விதியில் இருந்தால் ஒழிய இதைத் தவிர்க்க முடியாது. அவருக்கு விழுந்த பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது: பெரிய குதிரை உரிமையாளரான ஆகா கான், தன் குதிரைகளை ஓட்ட அவரோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்.

பழைய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1954இல் 18 வயதில் நெவர் சே டை என்ற குதிரையில் எப்சம் டெர்பி ஜெயித்த லெஸ்டர் பிகாட், அதே மாதம் ராயல் ஆஸ்காட்டில் அதே குதிரையில் முரட்டுத்தனமாக ஓட்டியதற்காக ஆறு மாதத் தடை வாங்கினார். லைசென்ஸை முன்கூட்டியே திருப்பித் தந்தார்கள் என்றாலும், அதற்குள் செயின்ட் லெஜர் பந்தயம் போய்விட்டது. அதில் சார்லி ஸ்மர்க் ஏறி அதே குதிரையை 12 நீளத்தில் ஜெயிக்கவைத்தார். எழுதிவைத்த அளவுகோல் ஏதும் இல்லாமல் ஸ்டூவர்டுகள் தங்களுக்குத் தோன்றியதைத் தண்டனையாகச் சொன்ன காலம் அது.

எண்ணக்கூடிய குற்றம்

சாட்டை விஷயம் எளிது, ஏனென்றால் எண்ணலாம். இப்போதைய சாட்டை பஞ்சு வைத்தது, சத்தம் அதிகம், காயம் குறைவு. பிரிட்டனில் 2023 முதல் தட்டையான ஓட்டத்தில் 6 அடி, தடை தாண்டும் பந்தயத்தில் 7 அடிதான் வரம்பு. எண்ணிக்கை மட்டும் அல்ல. தோளுக்கு மேல் கை ஓங்கியது, விலாவில் அடித்தது, குதிரைக்குப் பதில் சொல்ல நேரம் தராமல் அடுக்கடுக்காக அடித்தது, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரையை அடித்தது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள்.

எண்ணும் விதியிலும் கோளாறு வரும். 2011 அக்டோபரில் பிரிட்டன் கொண்டுவந்த விதி மொத்தம் 7 அடி, அதில் கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டர்) 5 என்று வகுத்தது. அந்த மாதமே சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் சிரஸ் தெஸேக்ள் என்ற குதிரையை ஜெயிக்கவைத்த இதே சுமியோன் கடைசி ஃபர்லாங்கில் 6 அடி போட்டுவிட்டார். ஓர் அடிக்கு 5 நாள் தடை, பரிசில் தன் பங்கான 50,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையும் கிடையாது என்று அன்றே அறிவித்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது ஃபர்லாங் கம்பத்துக்கு முன்பா பின்பா அடித்தோம் என்று யார் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஜாக்கிகள் கொந்தளித்தார்கள், ஒரு வாரத்துக்குள் கடைசி ஃபர்லாங் வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு ஓட்டை பல ஆண்டு இருந்தது. பெரிய பந்தயத்தில் நாலு அடி கூடுதலாகப் போட்டு ஜெயித்தால் பரிசு கைவிட்டுப் போகாது, சில நாள் தடையோடு சரி. அது லாபமான கணக்கு. 2023 விதி அதை அடைத்தது: வரம்புக்கு மேல் 4 அடி போனால், அதாவது தட்டையான ஓட்டத்தில் பத்தாவது அடி விழுந்தால், குதிரையே தகுதியிழக்கும். இரண்டு விசாரணைகளையும் தெரிந்தே ஒன்றாக இணைத்த அபூர்வமான இடம் இது. உரிமையாளரின் பரிசும் போகும் என்றால் அவரே ஜாக்கியிடம் எச்சரித்துத்தான் அனுப்புவார்.

இழுத்துப் பிடித்தாரா?

ரேஸ் பார்க்கிறவர்கள் தோற்றதும் முதலில் சொல்வது “இழுத்துப் பிடிச்சுட்டான்யா” என்பதே. நிரூபிக்க மிகக் கடினமான குற்றமும் இதுவே.

எதற்காக இழுக்க வேண்டும்? ஹேண்டிகேப் முறையில் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் உண்டு. இந்தியாவில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ எடை. 60 ரேட்டிங் குதிரை 50 ரேட்டிங் குதிரையைவிட 5 கிலோ கூடுதலாகச் சுமக்கும். 1600 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவை ஒரு நீளம் என்று கணக்கிடுவார்கள். ஆக நாலு பந்தயம் சும்மா ஓடிப் பத்துப் புள்ளி இறங்கினால், ஐந்தாவதில் மூன்று நீளத்துக்கு மேல் இனாம், அதுவும் நல்ல விலையில். நம்மூர் வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிப்பது மாட்டை வைத்துத்தான், போன பந்தயத்தில் எத்தனையாவது வந்தது என்பதை வைத்து அல்ல. அங்கே தோற்று வைப்பதால் அடுத்த முறை சுமை குறையப்போவதில்லை. அதனால்தான் இந்தச் சந்தேகம் வண்டிப் பந்தயத்தில் அவ்வளவாக எழுவதில்லை.

விசாரணையில் பார்ப்பவை இவை. கேட் திறந்ததும் தாமதமாகக் கிளம்பினாரா. உள்ளே இடம் இருந்தும் வெளிவட்டத்தில் சுற்றினாரா. கடைசி 200 மீட்டரில் கை அசையாமல் உட்கார்ந்திருந்தாரா. கோடு தொடும் முன்பே கையைத் தளர்த்திவிட்டாரா. பிறகு டிரெய்னரைக் கூப்பிட்டு என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று தனியாகக் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். குதிரையின் பழைய ஓட்டங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். பின்னால் நின்று ஓடித்தான் ஜெயிக்கும் குதிரையை முன்னால் விடாதது குற்றமாகாது. கால்நடை மருத்துவர் நொண்டல் இருக்கிறதா, மூக்கில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்து, மாதிரி எடுப்பார். கடைசியாக விலை. பந்தயத்துக்கு முன் ஃபேவரிட்டாக இருந்த குதிரையின் விலை காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போயிருந்தால், அதாவது அதன்மேல் பணம் கட்டுவோர் குறைந்துகொண்டே போயிருந்தால், யாரோ முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள். படத்தைவிட விலைதான் பல வழக்குகளில் உண்மையைப் பேசியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ‘வேண்டுமென்றே’ என்பது ஜாக்கியின் மனதுக்குள் இருக்கிறது. அதனால் விதிகள் அதைச் சுற்றி வேறு வாசல்கள் வைத்திருக்கின்றன. எண்ணத்தை நிரூபிக்காமலே, கடைசிவரை ஓட்டத் தவறினார், அல்லது கிடைக்கக்கூடிய சிறந்த இடத்துக்கு முயலவில்லை என்று தீர்ப்பு எழுதலாம். கணிப்பில் தவறு என்றால் சில நாள் தடை, அலட்சியம் என்றால் வாரங்கள். எண்ணம் நிரூபணமானால் வருடக்கணக்கு. நேர்மையாகத் தப்புக் கணக்குப் போட்ட இளம் ஜாக்கியும், கைதேர்ந்த கள்ளனும் சில சமயம் நடு வாசலில் ஒரே தண்டனையோடு வெளியே வருவதும் இதனால்தான். இந்தப் பலவீனத்துக்கு எந்த நாட்டு விதியும் முழு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

மற்றவை நேரடியானவை. பந்தயம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். அனுமதித்த சிறு அளவுக்கு மேல் எடை குறைந்தால் குதிரை தகுதியிழக்கும், எடைக்காகச் சேணத்தில் வைத்த ஈயத்தகடு வழியில் விழுந்தது என்ற சாக்கு எடுபடாது. மூச்சில் மது, சிறுநீரில் போதைப்பொருள், எடை குறைக்கப் போட்ட நீர்நீக்கி மாத்திரை எல்லாம் பரிசோதனைக்கு உட்பட்டவை. ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி 2012இல் பாரிஸின் லாங்ஷாம்பில் எடுத்த சோதனையில் சிக்கி ஆறு மாதம் வெளியே இருந்தார். ஜாக்கி பந்தயம் கட்டக்கூடாது. ஜாக்கிகள் அறைக்குள் செல்போன் கூடாது.

மேல்முறையீடு

தண்டனைக்கு மேல்முறையீடு உண்டு. மனு போடக் குறுகிய அவகாசம்தான், முன்பணம் கட்ட வேண்டும், வீண் மனு என்று பட்டால் அது திரும்பாது. மேல்முறையீட்டுக் குழு தண்டனையைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம், கூட்டவும் அதற்கு அதிகாரம் உண்டு. அதுவரை தடையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்பதுதான் பல வழக்குகளின் நிஜ நோக்கம், ஏனென்றால் அந்தக் கெடுவுக்குள் ஒரு பெரிய பந்தயம் வருகிறது. ரிசல்ட்டை எதிர்ப்பது அதைவிடக் கடினம். மேக்ஸிமம் செக்யூரிட்டியின் உரிமையாளர்கள் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார்கள். ஓட்டத்தின்போது நடந்த மறிப்பு பற்றி ஸ்டூவர்டுகள் சொன்னதே இறுதி, அதற்கு மேல்முறையீடு இல்லை என்பது கென்டக்கி விதி. 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஐந்து நாள், ஏழு நாள் தடை வாங்கிய ஜாக்கிகளில் பலர் மனுவே போடுவதில்லை. அந்த வாரத்தில் நல்ல சவாரி இல்லை என்றால் தடையை இப்போதே கழித்துவிடுவது லாபம் என்று அவர்களுக்குத் தெரியும்.